தளைக்கயிறும் இரண்டாவது கயிறும்: மரம் ஏறும் கருவிகளின் கதை

இந்த எபிசோடை என் வீட்டுக் கொல்லைப்புறத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் சொந்த ஊர் ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கிற பட்டு நெசவு ஊர். எங்க தெருவுல நடந்தா இன்னைக்கும் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும். எங்க வீட்டுப் பின்னாடி மூணு தென்னை மரம் இருக்கு. நான் ஸ்கூல் படிச்ச காலத்துல இருந்து அந்த மூணு மரத்துக்கும் ஒரே ஒரு அண்ணன்தான் ஏறுவார். இடுப்புல அரிவாள், காலுக்கு ஒரு தளைக்கயிறு. அவ்வளவுதான் அவர் கருவி. அவர் ஏறுற வேகத்தைப் பார்த்தா நமக்கு மூச்சு வாங்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டு மரத்துல இருந்து அவர் விழுந்துட்டார். உச்சிக்குப் போய், ஒரு மட்டையைப் பிடிச்சுட்டு அந்தப்பக்கம் திரும்பியிருக்கார். காய்ஞ்ச மட்டை. கையோட வந்துருச்சு. உயிர் தப்பிச்சது பெரிய விஷயம். இடுப்பெலும்பு உடைஞ்சு, இப்போ கோல் ஊன்றித்தான் நடக்கிறார். இனிமேல் மரம் ஏற முடியாது.

நான் அப்போ சென்னையில இருந்தேன். விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு எஞ்சினியருக்கு என்ன தோணுமோ அதுதான் எனக்கும் தோணுச்சு: இதுக்கு ஒரு மெஷின் இல்லாமலா போச்சு? அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன். போன்ல அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் அந்தத் தேடலைத் திசை மாத்துச்சு. "இத்தன வருஷமா மரத்துக்கு எவ்வளவுன்னு கேட்டோமே, பிடிமானத்துக்குக் கயிறு வெச்சிருக்கியான்னு ஒருநாளாவது கேட்டோமாடா?"

மரம் ஏற வைக்கிறது ஒரு பிரச்சினை. ஏறினவர் விழாம பார்த்துக்கிறது வேற ஒரு பிரச்சினை. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு, பெரும்பாலும் முதல் பிரச்சினைக்கே நாம கருவி செஞ்சுட்டு வந்திருக்கோம். இன்னைக்குச் சொல்லப்போற வரலாறு அதுதான்.

தளைக்கயிறு என்ன செய்யுது?

முதல்ல அந்த எளிமையான கயிற்று வளையத்தைப் பார்ப்போம். தளை, தளைநார், யாழ்ப்பாணத்துல தளநார்னு ஊருக்கு ஒரு பேர் உண்டு. பனையேறிகளும் தென்னை ஏறுபவர்களும் தலைமுறை தலைமுறையா பயன்படுத்துற பொருள். ரெண்டு பாதத்தையும் இந்த வளையத்துக்குள்ள விட்டு, உள்ளங்காலை மரத்தோட ரெண்டு பக்கமும் பதிச்சு நிற்பாங்க. கால்கள் ரெண்டும் அகலாதபடி வளையம் இழுத்துப் பிடிக்கும். உடம்போட எடை கீழே அழுத்த அழுத்த, பாதமும் வளையமும் மரத்தை இன்னும் இறுக்கமா கவ்வும். மேலே போகணும்னா கையால மரத்தைக் கட்டிக்கிட்டு எடையைக் கைக்கு மாத்தணும். கால் தளரும், மேலே நகரும், மறுபடி எடை போட்டா மறுபடி பிடிக்கும்.

எடை போட்டா பிடிக்கணும், எடை எடுத்தா நகரணும். இந்த ஒரு விதியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்த எபிசோடு முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

1931-ல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் ஒரு முடிச்சை அறிமுகப்படுத்தினார். தொங்குற பெரிய கயிற்றுல ஒரு மெல்லிய கயிற்று வளையத்தை மூணு சுற்று சுற்றிப் போடுற முடிச்சு. அதுல எடை போட்டா இறுகிப் பிடிக்கும். எடையை எடுத்தா கையால மேலே தள்ளலாம். இப்படி ரெண்டு முடிச்சு இருந்தா, தொங்குற கயிற்றுல ஒரு மனுஷன் மேலே ஏறிப் போகலாம். 1958-ல் சுவிட்சர்லாந்துல யூசி, மார்ட்டின்னு ரெண்டு பேர் அதே வேலையைச் செய்யுற உலோகப் பிடியை உருவாக்கினாங்க. அவங்க பேரோட முதல் எழுத்துகளைச் சேர்த்து அதுக்கு 'ஜூமார்'னு பேர் வந்தது. யூசி கழுகுகளை ஆராய்ச்சி பண்ணினவர். செங்குத்தான பாறைகள்ல இருக்கிற கூடுகளுக்கு அடிக்கடி போய் வர அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது.

நம்ம பனையேறி காலால செஞ்சதை, அவங்க கயிற்றுல செஞ்சாங்க. விதி ஒண்ணுதான். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. தளை பிடிக்கணும்னா அதுமேல எடை இருக்கணும். அதாவது நீங்க நின்னுக்கிட்டு இருக்கணும். கை நழுவி ஆள் பின்னாடி சாஞ்சா, பாதத்துல இருந்து எடை போயிடும். எடை போனதும் தளை விட்டுரும். நிற்கிற வரைக்கும் காப்பாத்துற கருவி, விழுற அந்த நொடியில கைவிட்டுருது.

புரூசிக் முடிச்சை மலையேறுறவங்க தங்களோட இடுப்பு வாரோட இணைச்சாங்க. அதனால கை விட்டாலும், மயக்கமே வந்தாலும், எடை கயிற்றுமேலதான் விழும். எடை விழுந்தா முடிச்சு இறுகும். அதே விதிதான், ஆனா கட்டுற இடம் மாறிடுச்சு. எங்க அண்ணனோட கதையில காணாமப் போனது இதுதான்.

பட்டுக்கும் பாதுகாப்புக் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஆரணிக்காரன் கயிற்றைப் பற்றிப் பேசினா பட்டு வராம இருக்குமா? வரும். நிஜமாவே ஒரு சம்பந்தம் இருக்கு.

ஒரு பட்டுக்கூட்டுல இருந்து அறுபடாம பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஒற்றை இழை வரும். அந்த இழை தனியா இருந்தா விரல்ல இழுத்தாலே அறுந்துடும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கேத்தினாத்தான் அது தறிக்குத் தாங்கும். கயிறு திரிக்கிறதும் இதே வேலைதான். தேங்காய் நார், சணல், பனைநார், எதுவா இருந்தாலும் முறுக்குதான் பலம். ஆனா இந்த இயற்கை நார்க் கயிறுகள்ல ஒரு ஆபத்து உண்டு. மழையில நனைஞ்சு நனைஞ்சு உள்ளுக்குள்ள மக்கிப் போயிருக்கும், வெளியே நல்லாத் தெரியும். அதோட அவற்றுல பலவும் அதிகம் நீளாது.

கயிறு நீளுறது ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு. நீங்க 2 மீட்டர் விழுந்து, கயிறு உங்களை 10 சென்டிமீட்டர்ல நிறுத்துதுன்னு வெச்சுக்கோங்க. உங்க எடையைப் போல சராசரியா 21 மடங்கு விசை உங்க உடம்புல இறங்கும். கயிறு அறுந்து போகலாம், அறுந்து போகலேன்னா முதுகெலும்பு போகலாம். அதே கயிறு அரை மீட்டர் நீண்டு நிறுத்தினா வெறும் 5 மடங்குதான். அடிபடும், ஆனா பிழைக்கலாம்.

நீளுற கயிறு உலகத்துக்கு எப்படிக் கிடைச்சுதுன்னா, பட்டுக்கு மாற்று தேடினப்போ கிடைச்சுது. 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்துல வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. 1938-ல் உலகத்துக்கு அறிவிச்சாங்க. 1940-ல் பெண்களோட காலுறையா, பட்டுக் காலுறைக்குப் பதிலா, கடைக்கு வந்தது. அடுத்த வருஷமே ஜப்பானோட போர். ஜப்பான் பட்டு வர்றது நின்னுபோச்சு. பாராசூட், கயிறு எல்லாத்துக்கும் நைலான் போச்சு. போர் முடிஞ்சதும் அதே நைலான் கயிறு மலையேறுறவங்க கைக்கு வந்தது. 1953-ல் ஜெர்மனியோட எடல்ரிட் நிறுவனம், நடுவுல எடை தாங்குற இழைக்கட்டு, அதைச் சுத்தி நெய்த உறைன்னு ரெண்டு அடுக்குல கயிறு செஞ்சது. வெளியே உரசுனாலும் உள்ளே இருக்கிற பலம் போகாது. இன்னைக்கு மரம் ஏறுறவங்க, கட்டடத்துக்கு வெளியே தொங்கி வேலை செய்யுறவங்க பயன்படுத்துற கயிறுகள்ல பெரும்பாலானவை இந்த வடிவத்தோட வாரிசுகள்தான்.

எங்க தெருவுல தறிக்கு வர்ற ஒவ்வொரு பாவு இழையையும் கையால தடவிப் பார்த்து, அறுந்ததை முடிபோடுறதைச் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். புடவையோட இழைக்குக் கிடைக்கிற அந்தப் பரிசோதனை, கொல்லைப்புறத்துல ஆள் தொங்குற கயிற்றுக்குக் கிடைக்கல.

ஆள் கிடைக்கல, அதனால மெஷின்

நம்ம ஊர்ல மரம் ஏறும் மெஷின்கள் ஏன் வந்துச்சு? விழுறவங்களைக் காப்பாத்தணும்னு ஆரம்பிச்சதா? பெரும்பாலும் இல்லை. ஏற ஆள் கிடைக்காமப் போனதுதான் காரணம்.

மரம் ஏறுறது சில சாதிகள்மேல சுமத்தப்பட்ட தொழில். உயிருக்கு ஆபத்து, கூலி கம்மி, மரியாதை அதைவிடக் கம்மி. பிள்ளைங்க படிச்சதும் வேற வேலைக்குப் போனாங்க. போகத்தானே செய்வாங்க? தமிழ்நாட்டுல 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. பனையேறிகளோட வருமானத்துல ஒரு பெரிய பங்கு அதோட போச்சு. பதநீரும் கருப்பட்டியும் மட்டும் மிச்சம்.

அப்போதான் கண்டுபிடிப்பாளர்கள் வர்றாங்க. கேரளா கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம்.ஜே.ஜோசப், ஊர்ல அப்பச்சன்னு கூப்பிடுவாங்க. அவர் செஞ்ச கருவிதான் இன்னைக்கு இந்தியாவுல ரொம்பப் பிரபலம். ரெண்டு தனித்தனிப் பகுதி. ஒவ்வொண்ணுலயும் மரத்தைச் சுத்தி ஒரு கம்பிவட வளையம், கால் வைக்க ஒரு மிதி. மிதிச்சா வளையம் இறுகும், தூக்கினா தளரும். நம்ம விதி மறுபடி வந்துருச்சா? படிக்கட்டு ஏறுற மாதிரி நின்னுக்கிட்டே ஏறலாம். கோயம்புத்தூர்ல டி.என்.வெங்கட் உட்கார்ந்து எழுந்து ஏறுற வகைக் கருவியை உருவாக்கினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உட்கார்ந்து ஏறும் கருவியைக் கொண்டுவந்தது.

2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மர நண்பர்கள்' திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர்களுக்கு ஆறு நாள் பயிற்சி, கையில ஒரு மெஷின், கூடவே விபத்துக் காப்பீடு. பரம்பரையா மரமே ஏறாத குடும்பங்கள்ல இருந்து ஆண்களும் பெண்களும் வந்து கத்துக்கிட்டாங்க. சாதியோட ஒட்டிக்கிட்டிருந்த ஒரு வேலையை, பயிற்சி வாங்கினா யாரும் செய்யலாம்னு மாத்தினது சின்ன விஷயம் இல்லை.

ஆனா ஒண்ணு கவனிங்க. செம்பேரிக் கருவிக்குக் காசர்கோட்டுல இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பின்னாடி தனியா ஒரு பாதுகாப்பு இணைப்பை உருவாக்க வேண்டியிருந்தது. ஏறுறதுக்கு முதல் பதிப்பு, விழாம இருக்கிறதுக்கு அப்புறம் ஒரு இணைப்பு. சாப்ட்வேர்ல வேலை பார்க்குற உங்களுக்கு இந்தப் பழக்கம் நல்லாவே தெரியும். முதல்ல வெளியிடுவோம், பாதுகாப்பை அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்.

மோட்டார் வந்தா தீர்ந்துடுமா?

2019-ல் ஒரு வீடியோ எல்லார் போன்லயும் சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? கர்நாடகா பண்ட்வால் பக்கம் சஜிபமூடா கிராமத்துல கணபதி பட்னு ஒரு விவசாயி, பாக்கு மரத்துல ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போனார். சின்ன பெட்ரோல் எஞ்சின், மரத்தைக் கவ்வுற சக்கரம், உட்கார இருக்கை, பிரேக். சில நொடிகள்ல உச்சியில இருந்தார். அற்புதமான வேலை. ஆனா பாக்கு மரம் மெலிசு, அடியில இருந்து நுனி வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே பருமன். பனை அப்படி இல்ல. அடி பெருத்திருக்கும், மேலே கருக்குமட்டை வழியை மறிக்கும். பதநீர் இறக்குறவர் உச்சிக்கு உள்ளேயே நுழைஞ்சு உட்கார்ந்து பாளை சீவணும். மெஷின் கொண்டைக்குக் கீழேயே நின்னுடும். ஆபத்து ஆரம்பிக்கிறதே அதுக்கு மேலேதான்.

நேரத்தையும் பாருங்க. ஒரு பனையேறி 30 மரம், காலையிலயும் சாயங்காலமும் ஏறுறார்னு வெச்சுக்குவோம். மெஷினை மாட்டிக் கழட்ட ஒரு மரத்துக்கு 5 நிமிஷம்னாலும் 300 நிமிஷம், அதாவது 5 மணி நேரம் அதுக்கே போயிடும். நல்ல பனையேறும் கருவியைக் கண்டுபிடிக்கிறவங்களுக்கு 1 லட்ச ரூபாய் விருதுன்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சது. அந்த அளவுக்கு இது கஷ்டமான கணக்கு.

வெளிநாட்டுல மரவேலை செய்யுறவங்க இப்போ கயிற்றுல ஏறுற மோட்டார் கருவிகளைப் பயன்படுத்துறாங்க. எம்ஐடி மாணவர்கள் சிலர், அமெரிக்க ராணுவத்துக்கான வடிவமைப்புப் போட்டிக்காக இப்படி ஒண்ணை உருவாக்கினாங்க. அதுல முக்கியப் பங்கு வகிச்ச நேட் பாலுக்கு 2007-ல் லெமல்சன் எம்ஐடி மாணவர் விருது கிடைச்சது. தத்துவம் ரொம்பப் பழசு. ஒரு உருளையில கயிற்றைச் சில சுற்று சுத்தினா, ஒரு பக்கம் விரலால பிடிச்சாலே மறுபக்கம் பெரிய எடையைத் தாங்கும். உராய்வுக் கெழு 0.3, சுற்று மூணுன்னா, பலன் 280 மடங்குக்கும் மேல. துறைமுகத்துல கப்பலைக் கட்டுறது இப்படித்தான். அந்த உருளையை ஒரு பேட்டரி மோட்டார் சுத்தினா, கயிறு கீழே போகும், ஆள் மேலே போவார். விலை லட்சங்கள்ல.

இதை நம்ம தென்னைக்குப் பயன்படுத்தலாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். அப்புறம்தான் மண்டையில உறைச்சது: மேலே கயிற்றை யார் கட்டுறது? கிளை உள்ள மரம்னா, மெல்லிய நூல்ல ஒரு கனமான பையைக் கட்டிக் கிளைக்கு மேல வீசி, அதைக்கொண்டு பெரிய கயிற்றை இழுத்துக்கலாம். புளியமரம், தூங்குமூஞ்சி மரம் எல்லாத்துக்கும் சரி. தென்னைக்கும் பனைக்கும் கிளையே இல்ல. மட்டையை நம்பிக் கயிறு போட முடியாது, எங்க அண்ணனைக் கவுத்ததே மட்டைதான். மேலே கயிறு கட்டணும்னா ஒருத்தர் முதல்ல ஏறணும். அவர் விழாம இருக்க என்ன வழி?

இன்னொண்ணு. மோட்டார் வெச்சு ஏறுற அந்த நாடுகள்ல பாதுகாப்பு மோட்டாரால வரல. 1960-கள்ல நியூயார்க் மாநிலத்துல மரம் கழிக்கும்போது மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, விடாம எல்லா வாசலையும் தட்டினாங்க. அதோட தொடர்ச்சியாத்தான் 1968-ல் மரத்தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விதிமுறை எழுதுற வேலை தொடங்குச்சு. பிரிட்டன்ல உயரத்துல வேலை செய்யுறதுக்குன்னு 2005-ல் தனி விதிமுறை வந்தது. கயிற்றுல தொங்கி வேலை செய்யுறவங்களுக்கு அங்கே அடிப்படைப் பாடம் இதுதான்: வேலை செய்ய ஒரு கயிறு, அது போனா பிடிக்க இன்னொரு கயிறு. கூடவே கீழே ஒரு ஆள், மேலே தொங்குறவரைச் சீக்கிரம் இறக்கத் தெரிஞ்ச ஆள். ஏன்னா பெல்ட்டுல அசையாம தொங்கினா கால்ல ரத்தம் தேங்கி, அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

பக்கத்து மாநிலத்துல ஒரு பை

இந்தத் தேடல்ல எனக்கு ரொம்ப நம்பிக்கை கொடுத்தது தெலங்கானா. அங்கே கள் இறக்குறது பெரிய தொழில், விழுந்து சாகுறதும் வழக்கமான செய்தி. 2024 ஜூலை 14-ஆம் தேதி, ரங்காரெட்டி மாவட்டம் லஷ்கர்குடாவுல, முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி கள் இறக்குபவர்களுக்கான ஒரு பாதுகாப்புத் தொகுப்பைத் தொடங்கி வெச்சார். கள் இறக்குறவங்க கும்பிடுற சாமி காட்டமய்யா. அவர் பேர்லயே அது ஒரு ரட்சணக் கவசம்.

அந்தப் பையில மோட்டார் இல்ல. உடம்போட மாட்டிக்கிற பெல்ட், கயிறுகள், கொக்கிகள், அவ்வளவுதான். ஏறுற முறையைப் பெருசா மாத்தல. கை நழுவினா எடை கயிற்றுமேல விழுற மாதிரி மட்டும் பார்த்துக்குது. புரூசிக் 1931-ல் சொன்ன விஷயம், பனை மரத்துக்கு வந்து சேர 93 வருஷம் ஆகியிருக்கு.

தமிழ்நாட்டுல பனைதான் மாநில மரம். பனைமரத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கு, விபத்து நடந்தா நிவாரணம் உண்டு. விழுந்த பிறகு கொடுக்குற பணம் அது. விழுறதுக்கு முன்னாடி கொடுக்குற கயிறு அதைவிட மலிவு.

இப்போ எங்க வீட்டு மரத்துக்கு அந்த அண்ணனோட அக்கா பையன் ஏறுறான். போன வருஷம் முழு உடம்பு பெல்ட் ஒண்ணு, ஐ.எஸ். 3521 முத்திரை பார்த்து வாங்கினோம். ரெண்டு நைலான் கயிறு. மரத்தைச் சுத்தி வெறும் வளையமா போட்டா வழவழப்புல சறுக்கிடும், அதனால எடை விழுந்தா இறுகிப் பிடிக்கிற மாதிரிச் சுருக்குப் போடணும். ஒண்ணை அவிழ்த்து மேலே நகர்த்தும்போது இன்னொண்ணு கட்டியே இருக்கணும். முறையாப் பயிற்சி எடுத்த ஒருத்தர்கிட்ட அவன் ரெண்டு நாள் கத்துக்கிட்டான். வீடியோ பார்த்து யாரும் முயற்சி பண்ணிடாதீங்க.

முதல் நாள் இறங்கி வந்து அவன் சொன்னது: "அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு மரத்துக்குப் பத்து நிமிஷம் கூடப் போவுது." அவனுக்கு மரக்கணக்குலதான் கூலி. பத்து நிமிஷம்னா அவனுக்கு அது பணம். அம்மா உடனே எங்க மூணு மரத்துக்கும் கூலியை ஏத்திட்டாங்க. எங்க வீட்டுல அவன் பெல்ட் போட்டுத்தான் ஏறுறான்.

பக்கத்து வீட்டுல பழைய கூலிதான். அங்கே பெல்ட்டைச் சுவர்ல மாட்டி வெச்சுட்டு, மாமாவோட தளைக்கயிற்றை எடுத்துக்கிட்டு ஏறுறான்.

உங்க வீட்டுலயோ ஊர்லயோ மரம் ஏற யாராவது வந்தா, இந்தத் தடவை கூலி பேசும்போது கயிற்றைப் பற்றியும் கேளுங்க. அதுக்கு ஆகுற நேரத்தையும் கூலியில சேர்த்துப் பேசுங்க.